மூச்சோடு அசைந்த நிழல்

பிள்ளைகளே, பள்ளிக்கூடம் போகிற கடைக்குட்டிக்கு உங்கள் அம்மா இன்னும் மடியில் இருத்திச் சோறூட்டுவதை நீங்கள் பகிடி பண்ணிச் சிரிக்கிறீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அப்பா சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சி முடியாத காலம். நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். கடைக்குட்டி பிறந்து சில மாதத்தில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நுரையீரலுக்குப் பக்கத்தில் கோழிமுட்டை அளவில் வெண்மையாக ஒரு நிழல். சயரோகமாக இருக்கலாம், அது தொற்றும் காசநோய் என்றார் வைத்தியர். சளியில் கிருமி இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் அந்த 'இருக்கலாம்' எங்களுக்குப் போதுமாயிருந்தது.

கடற்காற்று நல்லதென்று அம்மா வெள்ளவத்தையில் ஓர் அறைக்குப் போனார். குழந்தையை என் அக்கா வளர்த்தார். ஞாயிறுகளில் உங்களைக் கூட்டிப்போவேன். ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அம்மா. "கிட்ட வராதேங்கோ, சின்னவளைத் தூக்கிக் காட்டுங்கோ" என்பார். அவளுக்குப் பல் முளைத்ததையும் அங்கிருந்துதான் பார்த்தார்.

மழைக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. இருமல் நின்றது, நிழல் போகவில்லை. வேறொரு வைத்தியரிடம் போனோம். அவர் இருட்டறையில் எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் அம்மாவை நிறுத்தினார்.

"மூச்சை இழுங்கோ பிள்ளை. இப்ப விடுங்கோ. ஒரு பக்கமாச் சரியுங்கோ."

திரையில் அந்த நிழல் நீண்டது, சுருங்கியது, சரிந்தபோது தட்டையானது.

"இஞ்ச பாருங்கோ," என்றார் என்னிடம். "சயம் இப்பிடி ஆடாது. இறுகின கட்டியும் ஆடாது. உள்ளுக்குத் தண்ணிப் பை ஒண்டு குடியிருக்குது."

"வாடகை தராமலோ, டொக்டர்?" என்றார் அம்மா இருட்டுக்குள்ளிருந்து. அவர் பகிடி விட்டு எவ்வளவோ நாளாயிருந்தது.

ஊசியால் எடுத்த நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. சோதித்துவிட்டு, இது நிணநீர் என்றார் வைத்தியர். இரத்தத்தைப்போல உடம்பெங்கும் ஓடுவது, வழியில்லாமல் ஒரு பையில் தேங்கிவிட்டது. பிறவியிலேயே இருந்திருக்கும். புற்றுமில்லை, யாருக்கும் தொற்றாது. பெருத்து மூச்சை அடைத்தால் வெட்டி எடுக்கலாம்.

முதலிலேயே மூச்சை விடச்சொல்லி இன்னொரு படம் எடுத்திருக்கலாம். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

அன்றே வீட்டுக்கு வந்தோம். அம்மா கைகளை நீட்டினார். குழந்தை அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து வீரிட்டாள்.

"புது முகமெல்லோ, பழகீடுவாள்," என்றார் அக்கா.

"ஓம் மச்சாள்," என்று அம்மா கைகளை இழுத்துக்கொண்டார்.

இருவரும் குழந்தையோடு சமைக்கக் குசினிக்குப் போனபின் நான் அக்காவின் அறைக்குள் போய், குழந்தை தூங்கும் துணித்தொட்டிலான ஏணையை அவிழ்த்தேன். அம்மா உடுத்தித் தோய்க்காமல் வைத்திருந்த, அவர் வாசம் போகாத சேலையொன்றை எடுத்து, எங்கள் அறைக் கூரை வளையில் புதிதாக ஓர் ஏணை கட்டினேன். கையால் அழுத்திப் பார்த்தேன். தாங்கியது.