அக்கா சுட்ட உம்மு அலி

பதினோரு வருஷம் குவைத்தில் ஓர் எகிப்துக் குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டுவிட்டு அக்கா எங்கள் ஊர் ஹந்தானைக்குத் திரும்பிவந்தாள். வந்த வாரமே, "ஞாயித்துக்கெழம உனக்கு உம்மு அலி செஞ்சி தாரேன்" என்றாள். சுட்ட மாத்தகடுகளைப் பாலில் ஊறவைத்து, மறுபடியும் சுடும் இனிப்பு அது. கண்டியில் புடவைக்கடையில் ஆறு நாளும் நின்றே வேலை செய்யும் எனக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அதுவும் போனது.

"இன்னும் மெல்லிசா, கடதாசி மாதிரி!" என்று என்னை மூன்று முறை மாவைத் திரும்பத் தேய்க்கவைத்தாள். தகடுகளை நொறுக்கினால், "அவ்வளவு தூளாக்காத" என்றாள். மேலே தூவக் கஜுப்பருப்பு வெட்டியதிலும் குற்றம். ஓவனில் வைத்த பிறகும் கதவைத் திறந்து திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அங்க தின்னு தின்னு ஒனக்கு நாக்கு நீண்டுருச்சிக்கா. எங்களுக்கு எப்படி இருந்தாலும் எறங்கும்!" என்று கத்திவிட்டேன்.

அக்கா ஓவன் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"நான் ஒரு நாளும் தின்னதில்லடி. அந்த வீட்டுல தட்டு காலியாத்தான் குசினிக்கு வரும். வாசத்த வச்சித்தான் பாக்குறேன்."

வெந்ததும் முதல் கிண்ணத்தை அவளிடமே நீட்டினேன். ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றாள்.

"சீனி கூடிப்போச்சு" என்றாள். "இதுக்கா அந்த வீட்டுப் புள்ளைங்க அப்படி அடிச்சிக்கிட்டாங்க?"

சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டியை எடுத்தாள்.

போனில் பேசும்போதெல்லாம் 'சாப்பிட்டியா' என்று கேட்டிருக்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.