கட்டைப்பைக்குள் கேமரா

நான் கேமரா வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேமரா வீட்டுக்கு வந்த பிறகு வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் மின்சார அலுவலகத்தில் இருக்கிறார். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிச்சமாயின. இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காடுகளில் மழைக்குப் பிறகு வந்து இறங்கும் பறவைகளை ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். பருந்தும் புள்ளி, பஞ்சுருட்டானும் புள்ளி. எது எந்தப் புள்ளி என்று எனக்கே மறந்து போகும். கடைசியில் மதுரைக்குப் போய், உயர்ந்த ரகத்தில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் பறவைகளுக்கென்று ஒரு நீள லென்ஸும் வாங்கி வந்தேன்.

கேமராவை அவர் தொடவில்லை. "அது ஒன் சாமான்" என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு வேண்டிய துணைச் சாமான்களை, கடைக்காரர் வாய் நிறைய 'ஆக்சசரீஸ்' என்று சொன்னாரே, அவற்றைத் தன் இலாகாவாக எடுத்துக்கொண்டார். காலையில் பல் தேய்க்கும்போதே ஃபோனில் யாரோ ஒருவர் ஃபில்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இவர் நுரையோடு தலையாட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம்தான். இந்த வகைக் கேமரா பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும், அதனால் இன்னொரு பேட்டரி. பறவை சிறகடிக்கும்போது தொடர்ந்து சுட்டால் திணறாத, வேகமான ஒரு மெமரி கார்டு. லென்ஸில் விழும் செம்மண் தூசியை ஊதித் தள்ள ஒரு ரப்பர் பந்து. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள, உள்ளே மெத்தை வைத்த ஒரு பை. அவ்வளவுதான்.

அவர் கொண்டுவந்தது வேறு. முதலில், முடி வளர்ந்த ஒரு மைக்.

"இது எதுக்குங்க?"

"பறவ சத்தம் வேண்டாமாட்டி?"

"நான் வீடியோ எடுக்கலியே."

"எடுத்தா?"

இந்த 'எடுத்தா' என்ற ஒற்றைச் சொல்லின் மேல்தான் எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் வந்து நின்றன. நிலாவை எடுத்தா, தண்ணீருக்கு அடியில் எடுத்தா, கல்யாண வீட்டில் எடுத்தா. இரும்பு மாதிரி கனத்த ஒரு முக்காலியும் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்க முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மழைக்காலத்தில் அதன் மேல் போர்வை காயப்போட்டோம்.

அடுத்து கழுத்துப் பட்டை. கேமராவோடு வந்த பட்டையில் கம்பெனியின் பெயர் மஞ்சள் எழுத்தில் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் யோசனையில் ஆழ்ந்தார்.

"விலையக் கழுத்துல எழுதித் தொங்கப் போட்டுட்டு நடக்கியே. பஸ்ஸ்டாண்டுல நிக்கவன் சும்மா விடுவானா?"

மறுநாள் அலுவலகத்திலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் வந்தது. பட்டையில் இருந்த பெயர் மறைந்தது. பிறகு கேமராவின் நெற்றியில் இருந்த பெயர் மறைந்தது. லென்ஸைச் சுற்றி இருந்த எழுத்துகளும் மறைந்தன. மின்கம்பத்தில் வேலை செய்து பழகிய கையால் சுருக்கம் விழாமல் சுற்றினார். வேலை முடிந்தபோது என் புதுக் கேமரா கீழே விழுந்து உடைந்து, பழைய சாமான் கடையில் ஒட்டவைத்தது போல இருந்தது.

"இப்பப் பாரு, எவனாவது தொடுவானா?" என்றார்.

பை விஷயத்தில்தான் உண்மையான சண்டை. நான் நல்ல கேமராப் பை ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தேன். தோளில் மாட்டலாம், உள்ளே தடுப்புகள் உண்டு, மழை உறையும் உண்டு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கேமராப் பையின்னு பாத்த ஒடனே தெரியுதுல்லா? அப்போ உள்ள கேமரா இருக்குன்னும் தெரியும்லா?"

"அப்போ எதுலதான் கொண்டு போக?"

அவர் உள்ளே போய் ஒரு கட்டைப்பையை எடுத்து வந்தார். தீபாவளிக்குத் துணி எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்தது. மரூன் நிறம், இரண்டு பக்கமும் பட்டுச்சேலை கட்டிய பெண் படம். அடியில் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை மடித்துப் போட்டு, கேமராவை அதன் மேல் வைத்து, இன்னொரு துண்டால் மூடினார்.

"இந்தப் பை இல்லாத வீடு இந்தச் சுத்துவட்டாரத்துல உண்டா? ஒருத்தன் கண்ணும் படாது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இல்லாத வீடு கிடையாதுதான்.

ஒரு சனிக்கிழமை புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைப் படம் எடுக்கக் கிளம்பினோம். பைக்கில் போகலாம் என்றேன். பைக்கின் அதிர்வு லென்ஸுக்கு ஆகாது என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். பஸ்ஸில் போனோம். சந்தையில் காலை வெயில் சாய்ந்து விழ, தரையெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. மத்தியானம் தாண்டும்வரை நான் ஆசை தீர எடுத்தேன். ஏலம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் என் கேமராவைப் பரிதாபமாகப் பார்த்து, "ரிப்பேருங்களா?" என்று கேட்டார். கணவர் என்னைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். பின்பக்கம் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அவர் முன்பக்கம் நின்றார். பையை டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்தார். திருட முடியாத ஜிப் வைத்த பைகள் பற்றியது என்று பிறகு சொன்னார். சங்கரன்கோவில் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முண்டினார்கள். இவர் குனிந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். தூசி ஊதலாம் என்று அவர், நான் கேட்டதில் அதுவரை வாங்கித் தந்திருந்த ஒன்றே ஒன்றான ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, இங்கன கொஞ்சம் வா" என்றார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

போய்ப் பார்த்தேன். மேஜையில் யாருடையதோ ஒரு துண்டு விலகிக் கிடந்தது. பை நிறைய எலுமிச்சம்பழம். அவர் ஒரு கையில் பழத்தையும் மறு கையில் ரப்பர் பந்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பல வருட ஆசை, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எந்திரி, பஸ்ஸ்டாண்டுக்குப் போவோம்" என்றார்.

பைக்கிலேயே போனோம். அதிர்வைப் பற்றி யாரும் பேசவில்லை. நல்லவேளையாக அந்த பஸ் இன்னும் கிளம்பவில்லை. கண்டக்டர் கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். மரூன் நிறக் கட்டைப்பை என்றதும் சிரித்தார்.

"பஸ்ஸுல பாதிப் பேரு அதத்தான வச்சிருந்தாவ" என்றவர், பழத்தைக் காட்டியதும் நிமிர்ந்தார். "இது அந்த அக்கா பையில்லா. லக்கேஜ் டிக்கெட் போடணும்னு சொன்னதுக்கு என்ன ஒருவழி பண்ணிட்டாவ. கரிவலத்துக்கு மாத்து பஸ் ஏறுனாவ, பாத்தேன்."

கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தில் பைக்கிலிருந்து இறங்கி, டீக்கடையில் எப்படி விசாரிப்பது என்று நான் தயங்கினேன். என் கணவர் கையில் இருந்த பையைப் பார்த்ததுமே கடைக்காரர் கேட்டார்:

"எலுமிச்சம்பழமா?"

"ஆமா."

"போங்க, போங்க. மேலத்தெருவுல ஊரே நிக்கி."

ஊர் நிற்கவில்லை. ஆனால் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நடுவில், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முற்றத்தில் ஆடுகள் கட்டிக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பழம் நசுங்காம இருக்கா?"

என் கணவர் பையைக் கொடுத்தார். அந்த அக்கா கையை அடிவரை விட்டுப் புரட்டிப் பார்த்து, ஒரு பழத்தை எடுத்து வெளியே வைத்தார். "இது நசுங்கிட்டு" என்றார். என் கணவர் மேஜையில் அமுக்கிப் பிடித்திருந்த பழமாகத்தான் இருக்கவேண்டும்.

"எங்க கேமரா…" என்றேன்.

"இருக்கு தாயி. ஆடு கடிச்சிரும்னு பிரிட்ஜ் மேல வச்சிருக்கேன். ஆனா ஒங்களுதுதான்னு நான் எப்படி நம்ப?"

கேட்டது நியாயம்தான். என் கணவர் முன்னால் வந்து கம்பெனியின் பெயரைச் சொன்னார். அக்கா உள்ளே போய்க் கேமராவைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுத்து வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் எழுதலியே அண்ணாச்சி. டேப்புல்லா சுத்தியிருக்கு."

"நான்தான் சுத்துனேன்."

"எதுக்கு?"

"திருட்டுப் போயிறக் கூடாதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "மொதல்ல நாங்க பாம்னுல்லா நெனச்சோம். துணியில சுத்தி, கருப்பு டேப் ஒட்டி, கனமா வேற இருக்கு. வாளித் தண்ணிக்குள்ள போடுங்கன்னு நான் சொன்னேன். இவதான் கேக்கல."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூடியக் கழட்டுனா கண்ணாடி இருக்கு. கண்ணாடி வச்சு எவன்வே பாம் செய்வான்?"

அந்த நிமிடமே அக்கா காலில் விழுந்திருப்பேன். அதற்குப் பதிலாக, "அக்கா, உள்ள நான் எடுத்த படம் இருக்கும். காட்டுதேன், பாருங்க" என்றேன். அவர் கேமராவைக் கையை விட்டு விடாமல், எந்தப் பொத்தான் என்று கேட்டு அவரே அமுக்கினார். எல்லோரும் திரையின் மேல் குனிந்தார்கள்.

எலுமிச்சைச் சந்தை வந்தது. "இது யாரும் எடுக்கலாம்" என்றார் பெரியவர். பஞ்சுருட்டான் வந்தது. கம்பியில் கரிச்சான் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் என்னவென்று எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அக்காவின் விரல் நிற்கவில்லை.

குறைந்த வெளிச்சத்தில் முகம் எடுத்துப் பழக வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் பாயில் படுத்துத் தூங்கும்போது எடுத்துவைத்தவை அவை. அவருக்குத் தெரியாது. மேல்சட்டை இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு. பக்கவாட்டிலிருந்து. காலடியிலிருந்து. மிக அருகிலிருந்து. அந்த லென்ஸில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக விழுந்திருந்தது.

அக்கா திரையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வாயக் கொஞ்சம் தெறங்க, பாப்போம்."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. என் கணவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் பல் தெரிந்தது. அக்கா கேமராவை என் கையில் கொடுத்தார்.

நசுங்கிய பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். கிளம்பும்போது தன் ஆட்டோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். வெள்ளாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பெரிய தாடி. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். மாலை வெயில் சரியாக வந்து விழுந்தது. இதுவரை நான் எடுத்ததில் இதுதான் சிறந்தது என்று அப்போதே தெரிந்தது.

வீடு வரும்வரை கேமராவை நான் கழுத்தில் மாட்டி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் டேப்பை உரிக்க ஆரம்பித்தார். ஒட்டிக்கொண்ட பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்தார்.

"தூங்கும்போது எடுத்ததெல்லாம் அழிச்சிரு."

"ஒண்ணு மட்டும் வச்சிக்கிடுதேனே. வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு."

"எந்தப் படம்?"

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இது பரவாயில்ல" என்றார்.

அடுத்த வாரம் நான் சொன்ன பையை அவரே வாங்கி வந்தார். கடையில் கறுப்பு இருந்தும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் வாங்கியிருந்தார். கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரியவேண்டுமாம். எனக்கு வேண்டிய பேட்டரியும் கார்டும் அதற்குள் இருந்தன. காட்டில் லென்ஸைத் தாங்க, பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு தலையணை தைத்து நெல் உமியை அடைத்துக்கொண்டேன். வேலிக் கல்லிலோ பைக் இருக்கையிலோ அதைப் போட்டு லென்ஸை வைத்தால் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும்.

அக்காவின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கரிவலத்துக்குக் கொண்டு போனோம். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏன் தாயி, எனக்கு இம்புட்டுச் சுருக்கமா இருக்கு?"

"நல்ல லென்ஸு அக்கா. உள்ளத உள்ளபடி காட்டும்."

"அது எதுக்குக் காட்டணும்? என் தம்பி மவன் போன்ல எடுத்தா மொழுமொழுன்னு வருதே."

என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். அக்கா படத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு அவர் கண் ஆட்டின் மேல் போனது. தாடியில் ஒவ்வொரு முடியும் வெயிலில் மின்னியது. கண்ணுக்குள் முற்றமே தெரிந்தது. மெதுவாக அதன் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"ஆடு நல்லா வந்திருக்கு" என்றார். "என்ன விட்டுட்டு ஆட்ட மட்டும் வெட்டித் தர முடியுமா?"