பூஜையில் வைத்த கடிதம்

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் எங்கள் வீட்டார் படித்ததில்லை. வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். அப்பா அதை எடுத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். ரங்கூனுக்குப் போன பெரியப்பா இறந்த செய்தி அப்படித்தான் வந்தது. கணக்குப்பிள்ளை உரக்கப் படித்தார். தெருவில் போனவர்களும் நின்று கேட்டார்கள். அப்பாவுக்கு அது மனசில் ஏறுவதற்குள் மற்றவர்கள் உச்சுக்கொட்டத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு மறுவாரம் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்.

அந்தப் படிப்புதான் என்னைக் கல்கத்தா வரை இழுத்துவந்தது. அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. காளிகாட் பக்கத்தில் ஒரு வங்காளி வீட்டின் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் வாடகைக்குக் கிடைத்தன. எங்கள் பெண்ணுக்கு ஆறு வயதானபோது எங்கே படிக்க வைப்பது என்ற கேள்வி வந்தது. பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாம் வங்காளி. இன்னொன்று பாதிரிமார் நடத்துவது; அங்கே போனால் பிள்ளை வேறு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வருவாள் என்று என் மனைவி பயந்தாள். எனக்கோ பெண் முதலில் தமிழ் படிக்க வேண்டும் என்று இருந்தது. ஆகவே வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. காலையில் ஆபீஸுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு மணி நேரம். மடியில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துப் பலகையில் எழுத வைப்பேன். புஸ்தகம் ஒன்றே ஒன்று, மதராஸிலிருந்து தருவித்த பாலபாடம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஆவணி முழுவதும் விடவில்லை. ஒருநாள் காலை வாய் கொப்பளித்தபோது எச்சிலில் நூல் மாதிரி ஒரு சிவப்பு. மனைவியிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அவளோ என் பின்னாலேயே செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

பவானிப்பூரில் இருந்த வங்காளி டாக்டர் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். சளியை ஒரு சீசாவில் வாங்கிக்கொண்டு, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தெரிந்த சிநேகிதருக்கு அனுப்புவதாகவும், பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னார். க்ஷயம் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேளைக்கு எவ்வளவு மருந்து என்று குறித்துக்கொள்ள என் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஏட்டைப் புரட்டினேன். டாக்டர் என் கையைப் பார்த்தார். வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும், பதில் வரும்வரை தனித் தட்டு, தனிப் படுக்கை, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

பாலபாடத்தை நினைத்துக்கொண்டே டிராமில் வந்தேன். அதன் ஒவ்வொரு ஏட்டின் மூலையும் என் எச்சில் பட்டு மங்கியிருந்தது. என்னைப் பார்த்துப் பெண்ணும் அப்படியே விரலை நாக்கில் வைத்துப் புரட்டுவாள். அது பெரிய படிப்பாளியின் அடையாளம் என்று நினைத்து நானே சிரித்து ரசித்திருக்கிறேன்.

மனைவி அழவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து, வைத்தீஸ்வரன் கோவிலுக்கு என்று வேண்டிக்கொண்டு உத்தரத்தில் கட்டினாள். பிறகு புஸ்தகத்துக்கு என்ன வழி என்று கேட்டாள். வெயிலில் அந்தக் கிருமி சாகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மறுநாள் முதல் பாலபாடம் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் விரித்துக் கிடந்தது. காலையில் ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம் என்று கல் வைத்துத் திருப்பினாள். பெண் குச்சியோடு காவல் இருந்தாள். எதற்கு என்றால், காக்கா வந்து படித்துவிடுமாம்.

பாடத்தை நிறுத்தவில்லை. நான் முன்னறை வாசற்படியில் உட்காருவேன். தாழ்வாரத்தின் மறுகோடியில் அவர்கள் இரண்டு பேரும். என் கைக்குப் பதிலாக அம்மாவின் கை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் இங்கிருந்து, முதலில் ஒரு சுழி, அப்படியே கீழே இறக்கி வலப்பக்கம் வளை என்று சொல்ல, அவள் பிள்ளையின் விரலைப் பிடித்து எங்கேயோ கொண்டுபோவாள். "அப்படி இல்லம்மா, நீ கோலம் போடுறே" என்று பெண் அதட்டுவாள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் ஒரே கேள்வி, எப்போது மடியில் உட்காரலாம் என்று. டாக்டர் கடுதாசி வந்ததும் என்பேன்.

புரட்டாசி பிறந்து நவராத்திரியும் வந்தது. ஊரெல்லாம் துர்க்கை பூஜை. தெருமுனைப் பந்தலில் ‘டாக்’ என்கிற வங்காளத்து மேளம் காலையிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு நவமியன்று சரஸ்வதி பூஜை. புஸ்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்து, அன்று முழுவதும் ஓர் எழுத்துக்கூடப் படிக்கக் கூடாது, விஜயதசமி காலையில் எடுத்துப் படித்தால்தான் வித்தை வளரும் என்று பெண்ணுக்குச் சொல்லியிருந்தேன். எழுத்து இருக்கிறதெல்லாம் சாமியிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன். அதை அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள். பஞ்சாங்கம் போயிற்று, தீப்பெட்டி போயிற்று, மேலே சீட்டு ஒட்டியிருந்த என் மருந்து சீசாவும் போயிற்று. மத்தியானம் மருந்து குடிக்கவில்லை.

அன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் டாக்டரின் கம்பவுண்டர் வந்து போயிருக்கிறான். டாக்டர் பூஜைக்குச் சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார், இதைக் கொடுக்கச் சொன்னார் என்று ஓர் உறையை நீட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டான். வாங்கியது எங்கள் பெண். நான் பார்க்கும்போது உறை பாலபாடத்தின் மேல் இருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஒரு செவ்வந்திப் பூ வேறு.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துப் படிச்சிடுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. கோவிச்சுக்கிட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

விரதம், தீட்டு, நாள், கிழமை எதிலும் அணுவளவு விட்டுக்கொடுக்காதவள் அவள். பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த நேரம் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் பூஜைப் பிரசாதத்தோடு மேலே வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். எங்கள் சரஸ்வதி தை மாதம்தான் வருவாள், எனக்கு இன்று தடை இல்லை, கொடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன், நீங்கள் கேட்டால் மட்டும் போதும் என்று கையை நீட்டினார். நல்ல மனிதர், நல்ல மனசோடு சொன்னார். மனைவிக்கு வங்காளி பாதிதான் விளங்கும். ஆனால் நீட்டிய கை விளங்கியது. கொடுங்கள் என்று கண்ணால் சொன்னாள்.

கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் நின்ற அப்பாவின் முதுகுதான் எனக்கு நினைவு வந்தது. நாளை நானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் பக்திமான் என்று என்னை மெச்சிக்கொண்டு போனார். அவர் மெச்சியது என்னை உறுத்திற்று. அப்பாவின் நினைவு உண்மை. சாமிக்கு அடங்கியதும் ஓரளவு உண்மை. ஆனால் அந்த உறைக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம் இரண்டையும்விடப் பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு நாள் தெரியாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாடம் இல்லை. பெண் தன் மூலையில் உட்கார்ந்து, "நாளைக்கு அரிசியில எழுதணுமே, மடியில உக்காந்துதானே?" என்று கேட்டாள். கடுதாசி சொல்லும் என்றேன்.

காலையில் குளித்து, கற்பூரம் காட்டினோம். பெண் பாலபாடத்தை எடுத்து ஒரு பக்கம் படித்தாள். விரலை வாயருகே கொண்டுபோய், நினைவு வந்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு புரட்டினாள். பிறகு நான் உறையைப் பிரித்தேன். இங்கிலீஷில் நாலே வரி. முதலில் மனசுக்குள் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். அனுப்பிய சளியில் கிருமி எதுவும் தென்படவில்லை, ரத்தம் தொண்டைப் புண்ணிலிருந்து வந்திருக்கலாம்.

மனைவி உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"நாலு வரி இருக்கு. நீங்க ரெண்டுதானே சொன்னீங்க?"

எனக்குச் சுரீர் என்றது. அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நான் விட்டுவிட்ட இரண்டு வரி. நல்ல மனசோடுதான் விட்டேன். கணக்குப்பிள்ளையும் எங்கள் அப்பாவுக்கு எத்தனை வரியை நல்ல மனசோடு விட்டாரோ, யாருக்குத் தெரியும்?

காகிதத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, முதலிலிருந்து சொன்னேன். ஒரு தடவை பார்த்தது போதாது. ஒரு மாதம் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். அதுவரை பாலும் ஓய்வும் வேண்டும். குழந்தையைக் கிட்டே வைத்துக்கொள்ளலாம், ஆனால் முகத்துக்கு நேரே இருமக் கூடாது.

"இது போதும்," என்றாள். "எதையும் விடாம சொன்னா நான் தாங்கிக்குவேன்."

பெண்ணுக்கு அதில் ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. தாம்பாளத்து அரிசியோடு வந்து மடியில் உட்கார்ந்தாள். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு அவள் விரலைப் பிடித்து எழுதினேன். ஒரு எழுத்துதான், மற்றதை அவளே எழுதிவிட்டாள். பிறகு இறங்கி, தாம்பாளத்தை அம்மா பக்கம் தள்ளி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை.

கார்த்திகையில் இரண்டாவது உறை வந்தது. அதிலும் கிருமி இல்லை. மஞ்சள் துணி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. லீவு கிடைத்ததும் ஊருக்குப் போய்ச் செலுத்த வேண்டும். இந்த இரண்டாவது உறையைப் பிரித்தபோது மனைவி பக்கத்திலேயே நின்றாள். மூன்று வரி. மூன்றையும் சொன்னேன்.