அடுப்பை அணைக்கச் சொன்ன குரல்

சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை, வீடு வீடாகப் போய்ப் பேசுவது. அந்த மழைக்காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "வந்துட்டா, பெரிய டாக்டரு" என்பார்கள். குழாயடியில் தங்களோடு குடத்துக்குச் சண்டை போடுகிறவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஸ்டுடியோவுக்கு ஏது வழி? தன் வீட்டுச் சமையலறையில் நின்று செல்போனிலேயே பதிவு செய்தாள். "தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று கணீரென்று முடிக்கவும் பால் பொங்கவும் சரியாக இருந்தது. பூட்டு ரிப்பேர் பார்க்கும் கணவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாவியை ராவிக்கொண்டிருந்தான். "ஐயையோ, அடுப்ப அணைங்க! எத்தனை தடவ சொல்றது?" என்று கத்தினாள். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. திரும்பக் கேட்காமலே ஆட்டோக்காரருக்கு அனுப்பிவிட்டுத் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனாள்.

திரும்பி வந்தால் ஆச்சரியம். எந்த வீட்டில் கேட்டாலும் கொதிக்க வைக்கிறோம் என்றார்கள். ஆனால் சுகாதார நிலையத்து வரிசை மட்டும் குறையவில்லை. என்னதான் நடக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறையில் போய் நின்றாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. அக்கா ஓடிப்போய்த் தண்ணீரை ஏற்றி அடுப்பைப் பற்ற வைத்தார். ஆட்டோ வாசலைத் தாண்டும்போது "அடுப்ப அணைங்க!" என்று ஒலிபெருக்கி கத்தியது. அக்கா சட்டென்று அணைத்தார்.

"என்னக்கா, சூடே ஏறலையே?"

"அதான் அணைக்கச் சொல்றாங்கல்ல? காதுல விழல?"

"அது நான்தான்க்கா! எங்க வீட்டுக்காரரச் சொன்னேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் குரல் எனக்குத் தெரியாதா? அது யாரோ படிச்ச அம்மா."

அன்றைக்கே பிசிறில்லாமல் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தாள். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. "இது வேற யாரோ. அந்தம்மா உரிமையாத் திட்டும், இவளுக்கு நம்ம மேல அக்கறையே இல்ல" என்று ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அவளுடைய மாமியாரும் பானையிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு குடித்தபடி, "அந்தம்மா வந்து சொல்லட்டும்" என்றார். தன் குரல் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது.

"அப்போ திட்டியே கொடுத்துடு" என்றார் டாக்டரம்மா.

செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கோபம் வரவில்லை. கணவன் யோசித்தான். எழுந்து போய், சாவி ராவிய கையைக் கழுவாமல் பானைக்குள் முழங்கை வரை விட்டான்.

"அறிவிருக்கா? கைய எடுங்க! தளதளன்னு கொதிக்கட்டும், அதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் விடுங்க! அணைச்சதும் மூடி வைங்க! பேதி வந்தா யாரு அள்ளுறது?"

அன்று சாயங்காலம் ஆட்டோ அதைக் கத்திக்கொண்டு போனதும் எல்லா வீட்டிலும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சில வாரங்களில் சுகாதார நிலையத்து பெஞ்சு காலியானது. உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன.

ஒருநாள் பூட்டோடு வந்த ஒருவர், போய்க்கொண்டிருந்த ஆட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்ல அம்மாதான். ஆனா கட்டினவன் பாவம்."

"ரொம்பப் பாவம்" என்றான் கணவன், பூட்டுக்கு எண்ணெய் விட்டபடி.