ஞாயிற்றுக்கிழமை நடைக்கு ஒரு காரணம்

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்ற பேச்சு டீக்கடை பெஞ்சு வரை வந்திருந்த காலம். அப்போது சித்தூர் ஜில்லாவில் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

புத்தூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வயது நாற்பத்திரண்டு. ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்தவன், ஞாயிறு காலை ஐந்தரைக்குச் செருப்பை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மார்கழியில் நகரிப் பக்கம். நகரி மூக்கு என்று சொல்லும் மலை முனை ஏழே கால் வரை பனிக்குள் இருக்கும். மாம்பழக் காலத்தில் சித்தூர் வரை பஸ், அங்கிருந்து பங்காருபாளையத்துக்கு நடை. ஐப்பசியில் ஓடைத் தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறினால் திரும்பிவிடுவேன்.

எல்லாவற்றையும் டைரியில் எழுதுவேன். புறப்பட்ட நேரம், காலடிகள், வழியில் உள்ள கிணறுகள், புளியமரங்கள். தண்ணீர் கேட்ட வீட்டில் தமிழில் பதில் வந்ததா, தெலுங்கில் வந்ததா என்பதையும் எழுதினேன். வேறெதற்கும் இல்லை. நடந்ததை எழுதினால் முழுக்க எழுத வேண்டும் என்பது என் கொள்கை.

பாலசமுத்திரம் தாண்டி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு தை மாதக் காலையில், மண்வெட்டியோடு ஒரு விவசாயி எதிரில் வந்து நின்றார்.

"சார், எங்க ஊர எந்தப் பக்கம் எழுதிக்கினு கீறீங்கோ? மெட்ராஸா, ஆந்திராவா?"

"நான் அதற்கு வரவில்லை. சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" அவர் என் செருப்பைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "பஸ்ஸு போவுதே சார். சும்மா யாருனா நடப்பாங்களா? காலு இன்னா இரும்பா?"

அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்தது சர்வேக் கல் என்று கவனித்தேன். எழுந்தேன். எழுந்தது இன்னும் தப்பாகிவிட்டது. கல்லை அளந்து முடித்துவிட்டேன் என்று அவர் நினைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் கூடினார்கள். ஒருவர் மோர் கொண்டுவந்தார். இன்னொருவர், தன் வீடு அந்தப் பக்கமும் கிணறு இந்தப் பக்கமும் போய்விட்டால் குளிப்பதற்கு ராஜ்யம் தாண்ட வேண்டுமா என்று கேட்டார். பதில் தெரியாது என்றேன். "சொல்லக்கூடாதுன்னு ஆர்டராங்காட்டியும்," என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். மோரைக் குடித்தேன். அடுத்த ஊரில் தெலுங்கில் வரவேற்று இளநீர் கொடுத்தார்கள். அதையும் குடித்தேன். இரண்டையும் டைரியில் எழுதினேன்.

மூன்றாம் வாரம் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு மனுக்கள் வந்தன. தமிழ் மனு, நான் ஆந்திராவுக்கு ரகசியமாக ஊர்க்கணக்கு எடுக்கிறேன் என்றது. தெலுங்கு மனு, மெட்ராஸுக்கு எடுக்கிறேன் என்றது. இரண்டிலும் என் குடையின் நிறம் சரியாக இருந்தது.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான்கு வருஷ டைரிகளும் மேஜைமேல் இருந்தன; கேட்டார், நானே கொண்டுவந்து கொடுத்திருந்தேன். குற்றம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை என்று நம்பியிருந்தேன்.

"ஏமய்யா, இத்தனை கிணறு எதுக்கு?"

"வழியில் இருந்தது, சார்."

"எதுக்கு நடந்தீங்க?"

"சந்தோஷத்துக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சந்தோஷத்துக்குன்னு மேலிடத்துக்கு எழுத முடியுமா? திங்கட்கிழமைக்குள்ள ஒரு காரணம் எழுதிக் கொடுங்க. இல்லாட்டி சஸ்பெண்ட். காரணம் வர்ற வரைக்கும் ஊரை விட்டு நடக்கக்கூடாது."

சஸ்பெண்ட் என்ற சொல்லுக்கு வீட்டில் என் மனைவி பயந்தாள். எனக்கு அடுத்த வாக்கியம்தான் பயமாக இருந்தது. அந்த ஞாயிறு நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நாற்பத்தேழு முறை நடந்தேன்.

பெரிய குமாஸ்தாதான் வழி சொன்னார். "இன்னாய்யா நீ, இந்த ஜில்லாவுல பொறந்துட்டு முழிக்கிற? திருப்பதிக்கு வேண்டுதல், நடந்து வரேன்னு மஞ்சத்துணில காசு முடிஞ்சிக்கினேன்னு எழுது. எவன் கேப்பான்?"

"நான் நடந்ததெல்லாம் தெற்கே. திருப்பதி வடக்கே இருக்கிறது."

"பழக்கத்துக்கு நடந்தேன்னு எழுது. காலு பழக வேணாமா?"

பொய் எழுத எனக்குக் கை வராது. ஆனாலும் எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு எழுந்து நின்றார். திருப்பதி மலை என்று நினைத்து மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மலை வடக்கே இருந்தது. நான் திருத்தவில்லை.

"முதல்லயே சொல்லக்கூடாதா? எப்போ மொட்டை?"

மொட்டை என் காகிதத்தில் இல்லை. ஆனால் ஃபைலில் ஏறிவிட்டது. அடுத்த லீவில் புத்தூரிலிருந்து திருப்பதிக்கு இரண்டு நாள் நடந்தேன், படியேறினேன், தலையைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அருமையான நடை. திரும்பி வந்ததும் அதிகாரி என் தலையைப் பார்த்தார், ஃபைலை மூடினார். மூடுமுன் எழுதிய கடைசி வரியைப் பெரிய குமாஸ்தா எனக்குப் படித்துக் காட்டினார்: "வேண்டுதல் நிறைவேறியது. ஆகவே இவர் இனி நடக்க வேண்டிய அவசியம் இல்லை."

அன்று மாலையே இரண்டாவது வேண்டுதலும், அதற்குக் கால் பழக ஞாயிறு நடையும் எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பனிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று வருஷத்துக்கு மூன்று மொட்டை. எல்லைக் கோடு போட்டு முடித்த பிறகும் யாரும் அந்த வரியை அடிக்கவில்லை; நானும் நிறுத்தவில்லை. ஏழாவது தடவை மலைமேல் நாவிதர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சாருக்கு இன்னா அப்படிப்பட்ட வேண்டுதல்? போன தடவை வேண்டிக்கினது பலிக்கலையா?"

"ஞாயிற்றுக்கிழமை நடக்கணும் என்பதுதான் வேண்டுதல். பலித்தது. நாலு மாசத்துக்குப் பலித்தது."

அவர் தண்ணீரைத் தெளித்து, "நல்லா குனிங்க," என்றார்.