பாக் வர்தோயோ காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் கிளாத்தென் ஊர்ப் பக்கம் கணினி பழுது பார்ப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனாலும் அலுவலகங்களில் வர்தோயோவைத்தான் கூப்பிடுவார்கள். கைராசி மட்டும் காரணமில்லை. அவர் இதுவரை ஒரு வாடிக்கையாளரையும் குற்றம் சொன்னது கிடையாது. கீபோர்டில் காப்பியைக் கொட்டியவரிடம், "மழைக்காலம் பாருங்க, ஈரம் இறங்கிடுச்சு" என்பார். பிளக்கைச் செருகாமலே திரை செத்துவிட்டதென்று அலறியவரிடம், "இந்தத் தெருவுல கரண்டே சரியில்லீங்க" என்பார். காற்று, மழை, கரண்டு, எலி: எல்லாப் பழியும் இந்த நாலு பேர் தலையில்தான் விழும். நாலு பேரும் திருப்பிச் சண்டைக்கு வரமாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதாகியும், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மனைவியிடம் அவர் சொன்னதில்லை. "இந்த உப்பு நல்ல உப்பு போலிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே பத்தொன்பது வருஷமாகத் தட்டச்சு செய்பவர் மூர்வானி அம்மாள்; மரியாதையாக எல்லோரும் 'இபு' என்பார்கள். அவருடைய கணினித் திரை மங்கலாக இருக்கிறதாம். விஷயம் அதோடு நிற்கவில்லை. போன மாதம் மூர்வானி 1988 என்ற பிறந்த வருஷத்தில் நடு எட்டுக்குப் பதில் மூன்று போட்டு 1938 ஆக்கிவிட்டார். முதியோருக்குத் தரும் இலவச அரிசியை வாங்க, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் ஒரு வாலிபன். அடுத்த வாரம் ஒரு விதவையின் நிலப் பத்திரத்தில் எண் தப்பிப்போய், அந்த அம்மாள் இரண்டு தரம் பஸ் ஏறி அலைந்தார். ஊர்த் தலைவர் ஹெந்தார்தோ (ஊரார் வாயில் 'பாக் லூரா', அதாவது தலைவர் ஐயா) முடிவு கட்டிவிட்டார். மூர்வானிக்குக் கண் போய்விட்டது, இனி பின்கட்டில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும். மாற்றல் கடிதத்தைப் பிழையில்லாமல் அடிக்க வேறு ஆள் இல்லாததால் அதையும் மூர்வானியே அடித்தார். மதியத் தொழுகை முடிந்ததும் அச்செடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கோளாறு மெஷினில்தான் என்று நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாதே என்றுதான் வர்தோயோவுக்கு ஆள் போனது.

வர்தோயோ வேலையை ஆரம்பித்தார். கேபிளைக் கழற்றி ஊதிச் செருகினார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். எழுத்தின் அளவை மாற்றினார். பக்கத்து மேஜைக் கணினியில் இதே திரையை மாட்டினார். அங்கேயும் அதே மூட்டம். மறுபடி மூர்வானியின் கணினியிலேயே மாட்டி, ஈரத் துணியால் துடைத்தார். இத்தனையும் எதற்கென்றால், உண்மையான காரணத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருப்பதற்கு.

காரணம் அவருக்குத் தெரியும். புதுத் திரையோடு கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை யாரும் உரிக்கவே இல்லை. ஆறு வருஷத்தில் அது மஞ்சளடித்து, கொப்புளம் கிளம்பி, ஆறிப்போன பாலில் ஆடை படிந்தது போல் கிடந்தது. உரிக்கவும் வழியில்லை. 'அரசு உடைமை' என்ற லேபிள் பாதி உறையிலும் பாதி சட்டத்திலுமாக ஒட்டப்பட்டிருந்தது. உறையை உரித்தால் லேபிள் கிழியும். அதை ஒட்டியது பாக் லூராவின் திருக்கரம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே புகாருக்கு வர்தோயோ வந்திருந்தார். அப்போதே இதைப் பார்த்தார். "காத்துல ஈரம், இபு" என்று துடைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்று மூர்வானியின் மூக்கில் அப்போது இல்லாத சோடாபுட்டிக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வர்தோயோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஈரக்காற்று பாவம், அது என்ன செய்தது!

பாக் லூரா வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே வந்தார். அண்ணே என்று கூப்பிடுகிற முறையில், "என்ன மாஸ், கோளாறு கண்ணுலயா, கம்ப்யூட்டர்லயா?" என்றார்.

"காத்துல..." என்று நாக்கு பழக்கத்தில் கிளம்பிவிட்டது. வர்தோயோ அதை இழுத்துப் பிடித்தார். "காத்து இல்லீங்க, பாக். பிளாஸ்டிக். புதுசுல இருந்த உறையை இன்னும் உரிக்கலை. கோளாறு இபு கண்ணுல இல்லை. எனக்கு ரெண்டு வருஷமாவே தெரியும். வாயை மூடிட்டுப் போனது என் தப்பு."

பாக் லூரா குனிந்து லேபிளைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "எனக்கும் போன வருஷமே ஒரு சந்தேகம்தான்" என்று இழுத்தார். "நான் ஒட்டினதை நானே கிழிச்சா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"எனக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியும், பாக்" என்றார் மூர்வானி.

இரண்டு ஆண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சுமா சொல்லலை?" என்றார் பாக் லூரா.

"நீங்க அளவெல்லாம் எடுத்து ஆசையா ஒட்டினீங்க. எப்படிச் சொல்றது?"

"அதுக்காகப் பின்கட்டுக்கே போயிடுவீங்களா, இபு?"

"லெட்டர்கூட அடிச்சுட்டேனே, பாக்."

பஜ்ஜி பாக் லூராவின் கையிலேயே நின்றுவிட்டது. அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "சரி, உரிச்சிடுங்க மாஸ்" என்றார்.

"ஐயையோ, நீங்க நிக்கும்போது நானா? நீங்களே உங்க கையால..."

"எனக்கு எதுக்கு? இபுவோட மெஷின்தானே. இபு, நீங்க..."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது..."

எங்கள் ஊரில் ஒரு வாசலில் மூன்று பேர் சந்தித்தால், 'நீங்க முதல்ல' என்று சொல்லிக்கொண்டே பொழுது சாயும்வரை யாரும் உள்ளே போகமாட்டார்கள். இதுவும் அப்படித்தான் போயிருக்கும். ஆனால் வெளியே பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. கையெழுத்து நேரம் நெருங்கிவிட்டது. மூர்வானி கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டார். உறையின் மூலையில் நகத்தை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். லேபிள் இரண்டாகக் கிழிந்தது.

திரையில், அச்செடுக்கக் காத்திருந்த அவருடைய மாற்றல் கடிதம், பெயர் ஊர் தேதியோடு, பளிச்சென்று நின்றது. மூர்வானி அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார். பிறகு, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, யாரிடமும் உத்தரவு கேட்காமல் அதை அழித்தார்.