பாலம் வர அரை மணி

அதிவேக ரயில் பாதைக்குப் பாலம் கட்டியபோது அப்பா அங்கே கம்பி கட்டும் வேலை பார்த்தார். அம்மாவின் தம்பியையும் அவர்தான் அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஆற்றுப் பாலத்தின் சாரத்திலிருந்து விழுந்து மாமா இறந்துபோனார். அந்த இடத்தை அம்மா பார்த்ததே இல்லை.

இந்த வருடம் பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்க அதே ரயிலில் கிளம்பினோம்.

"எனக்கு ஊர் பாக்க ஆசையில்ல. அந்த ஆத்த மட்டும் காட்டிடுங்க" என்றார் அம்மா.

செங்கல் சூளையின் புகைபோக்கி தெரிந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்கேருந்து அரை மணி ஆகும். அதுக்குள்ள சின்னவளுக்கு ஊட்டிடு."

"உங்க அரை மணிய நம்பித்தான் கல்யாணத்தன்னைக்கே காத்துக் கிடந்தேன்" என்று அம்மா சிரித்தபடி குனிந்து தங்கையின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அப்பா சொன்னது, ஆட்களை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் போன லாரியின் கணக்கு. ரயில் நான்கே நிமிடத்தில் ஆற்றைத் தாண்டியது. அப்பாவும் நானும் பார்த்தோம். குனிந்து ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிடுவதற்குள் பாலம் பின்னால் போய்விட்டது.

அம்மா நிமிர்ந்து, ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். அடுக்குமாடிகள் வரத் தொடங்கியபோது திரும்பாமலே கேட்டார்.

"போயிடுச்சா?"

"ம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அப்பா சின்னவளின் வாயைத் துடைத்துவிட்டார். "தண்ணி நிறைய போகுது" என்றார்.